பழைய கெட்டிலுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது?

கைப்பிடி உடைந்த தேநீர்க் கோப்பை, மூடி தொலைந்த கெட்டில், காலியான தகர டப்பா, ஜோடி இழந்த ரப்பர் பூட்ஸ். இவை எல்லாவற்றிலும் செடி வளர்க்கலாம். ஆனால் முதல் மாதம் பளிச்சென்று நின்ற செடி அடுத்த மாதமே மஞ்சளாகித் தொய்ந்துபோவதும் இவற்றில்தான் அதிகம். எனக்கும் ஒரு கெட்டிலில் மணி பிளாண்ட் அப்படித்தான் போனது. காரணம் புரிய, பாத்திரத்தின் அடியில் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவையுங்கள். பிழியாமல், படுக்கைவசமாகக் கையில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருந்து, அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். அதே ஸ்பாஞ்ச்தான், உயரம் மட்டும்தான் மாறியது.

மண்கலவையும் இப்படித்தான். அதன் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இடைவெளி குறுகக் குறுக பிடி இறுகும். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தானாக ஏறி நிற்கும், 0.1 மில்லிமீட்டர் குழாயில் 30 சென்டிமீட்டர். தொட்டியில் இந்தப் பிடியும் புவியீர்ப்பும் சமமாகும் உயரம்வரை, அடியில் ஒரு ஈர அடுக்கு முழுக்க நனைந்தபடியே தங்கிவிடும். ஓட்டை இருந்தாலும் தங்கும்.

அந்த அடுக்கின் கனம் மண்கலவையைப் பொறுத்தது, பாத்திரத்தைப் பொறுத்தது அல்ல. இதுதான் பலருக்கும் தெரியாமல் போகிற விஷயம். உங்கள் கலவை 4 சென்டிமீட்டர் ஈர அடுக்கை வைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் உயர பூட்ஸில் வேருக்கு 16 சென்டிமீட்டர் காற்றோட்டமான இடம் மிஞ்சும். 6 சென்டிமீட்டர் கோப்பையில் மிஞ்சுவது வெறும் 2. பார்க்க அழகான கோப்பையைவிட அசிங்கமான பூட்ஸ் செடிக்கு நல்ல வீடு.

சரி, ஈரமாக இருந்தால் என்ன? வேரும் சுவாசிக்கிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். இடைவெளிகளில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறும், நுனிகள் செத்துப்போகும், பித்தியம் போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் உள்ளே நுழையும். வேர் போனதும் தண்ணீரை மேலே இழுக்க ஆள் இல்லை, இலை வாடுகிறது. நாமோ தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். என் கெட்டில் செடி இப்படித்தான் செத்தது என்று பின்னால்தான் புரிந்தது.

அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். இறங்காது. நுண்ணிய இடைவெளியில் இருக்கும் நீர், மேலே உள்ள மண் முழுக்க நனையும்வரை கல்லின் பெரிய இடைவெளிக்குள் போகாது. ஈர அடுக்கு அப்படியே கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்து, வேருக்கு இருந்த கொஞ்ச இடத்தையும் தின்றுவிடும். கல்லுக்கு உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது: ஓட்டையுள்ள சிறு பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதை அழகுப் பாத்திரத்துக்குள் கல்மேல் நிறுத்தினால், வழிந்த நீர் வேரைத் தொடாமல் கீழே கிடக்கும். ஓட்டை போட மனம் வராத பாத்திரங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஓட்டை போட முடியுமானால் போடுங்கள். தகரத்துக்கு ஆணியும் சுத்தியலும் போதும். பீங்கானுக்கு வைர முனை துளைப்பான், மெதுவான வேகம், துளைக்கும் இடத்தில் எப்போதும் தண்ணீர். அப்புறம், ஓட்டை வழியாக ஒரு நைலான் கயிற்றை மண்ணிலிருந்து கீழே தொங்கவிட்டால் ஈர அடுக்கும் குறையும். நெட்டுக்குத்தாகத் திருப்பிய ஸ்பாஞ்ச் போல, நீர்ப்பத்தி கீழ்ப்பக்கம் நீள்கிறது.

பாத்திரம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். மெருகு பூசாத சுட்ட மண் பக்கங்கள் வழியாகவும் ஈரத்தை வெளியே விடும். தகரமும் கண்ணாடியும் விடாது. வெறும் செம்பில் கரையும் அயனிகள் வேர்நுனியின் வளர்ச்சியை நிறுத்தும். பழைய பெயின்ட் பூசிய பாத்திரத்தில் ஈயம் இருக்கலாம். அதில் சாப்பிடும் கீரை வேண்டாம்.

ஓட்டையே இல்லாமல் செடி வாழ்ந்த கதையும் உண்டு. 1829-ல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட், அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடினார். மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன. ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பியது. அதையே பெரிதாக்கி அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் 1833-ல் செடிகள் சிட்னிவரை கப்பலில் போயின. மண்ணை நனைக்கும் அளவே நீர் உள்ளே இருந்தது. மேலே ஊற்ற ஆள் இல்லை.

மூடாத கோப்பையில் ஊற்றுவது நாம்தான். அதனால் ஊற்றும் முன் ஒரு மெல்லிய மரக்குச்சியை அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தாலும் குச்சியின் நுனி கறுத்து ஈரமாக வந்தால், அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.