வளைவுத் தையல் பழக ஒரு தலையணை உறை போதும்

சதுரம், முக்கோணம் என்றால் தயங்காமல் தைப்பவர்கள் வளைவு வந்ததும் கை நிறுத்திவிடுகிறார்கள். பெங்களூரு அல்சூரில் என்னிடம் க்வில்ட் வேலை (துணித் துண்டுகளை இணைத்து, பஞ்சு வைத்துத் தைப்பது) பழக வரும் பெண்கள் பலர் வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பவர்கள். அவர்களும் "அக்கா, இதெல்லாம் நமக்கு வராது" என்கிறார்கள். கிண்ண வடிவில் வெட்டித் தைக்கும் கடோரி ப்ளவுஸில் குவிந்த துண்டைக் குழிந்த துண்டோடு சேர்ப்பதும், கையை அக்குள் வளைவில் ஏற்றுவதும் இதே வேலைதான். தினமும் செய்கிற வேலை, துணி மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது.

பயம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்திருக்கிறேன். வெட்டிய கால்வட்டத்தை, அதாவது குவிந்த துண்டை, அதன் ஜோடியான குழிந்த துண்டின் மேல் வைத்தால் இரண்டு ஓரமும் பொருந்தாது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. "தப்பா வெட்டிட்டேன்" என்று கத்தரியை எடுத்து நீளமானதைச் சீவிவிடுகிறார்கள். ப்ளாக் (துண்டுகளை இணைத்துத் தைக்கும் சதுரம்) கெடுவது அந்த நொடியில்தான்.

தயவுசெய்து சீவாதீர்கள். ஓரங்கள் பொருந்தக் கூடாது. தையல் கோடுதான் பொருந்த வேண்டும். கணக்கைப் பாருங்கள். தையல் கோடு 6 அங்குல ஆரமுள்ள கால்வட்டம் என்றால் அதன் நீளம் சுமார் 9.4 அங்குலம். தையலுக்குக் கால் அங்குலம் விட்டால், குவிந்த துண்டின் ஓரம் 6.25 அங்குல ஆரத்தில் 9.8 அங்குலம் ஆகிறது. குழிந்த துண்டின் ஓரம் 5.75 ஆரத்தில் 9 அங்குலம்தான். வித்தியாசம் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த முக்கால் அங்குலம் மாறாது. அதனால் சின்ன வளைவில் அதை அடக்குவது கடினம், பெரிய வளைவில் சுலபம். சின்னதாக ஆரம்பிப்போம் என்று 2 அங்குல வளைவில் கை வைப்பவர்கள் மனம் விட்டுப்போவது இதனால்தான்.

என் யோசனை 16 அங்குலத் தலையணை உறை. நாலே ப்ளாக், நாலே வளைவுத் தையல், சேர்த்தால் நடுவில் ஒரு முழு வட்டம். அட்டையில் 8 அங்குலச் சதுரம் வரைந்து, ஒரு மூலையிலிருந்து காம்பஸால் 6 அங்குல வளைவு போட்டு, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். கிடைக்கும் இரண்டு அட்டைக்கும் சுற்றிலும் கால் அங்குலம் கூட்டித் துணியை வெட்டினால் போதும். விலை கொடுத்து அக்ரிலிக் அச்சு வாங்கத் தேவையில்லை.

துணி பாப்ளின் அல்லது கேம்ப்ரிக். சிக்பேட்டையில் நல்ல பருத்தி தாராளமாகக் கிடைக்கிறது. சாட்டின், ஜார்ஜெட் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். முதலில் அலசிச் சுருக்கம் எடுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்த பிறகே வெட்டுங்கள். கஞ்சியை அலட்சியம் செய்யாதீர்கள். நேர் ஓரங்கள் நூலோட்டத்தில் இருந்தாலும் வளைவின் நடுப்பகுதி கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, விழுகிறது. கை பட்டாலே இழுபடும் இடம் அது. கஞ்சியின் விறைப்புதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

தைக்கும் முன் இரண்டு துண்டையும் இரண்டாக மடித்து, வளைவின் நடுவில் நகத்தால் அழுத்தி அடையாளம் வையுங்கள். குழிந்த துண்டின் ஓரத்தில் விரற்கடைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வெட்டு கொடுங்கள், தையலுக்கு விட்டதில் பாதி ஆழம்தான், அதற்கு மேல் போகக் கூடாது. நடுவோடு நடு வைத்து முதல் குண்டூசி, பிறகு இரண்டு முனை, பிறகு இடைவெளிகள். குழிந்த துண்டு மேலே இருக்கட்டும். அடியில் இருக்கும் நீளமான ஓரத்தை துணியை நகர்த்தும் மெஷினின் பல் மெல்ல உள்வாங்கிக்கொள்ளும்.

இழுக்காதீர்கள். இரண்டு அங்குலம் தைத்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கி, மேல்துணியில் விழுந்த மடிப்பை விரல் நுனியால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தொடருங்கள். மெஷின் ஊசி நெருங்கும்போதே குண்டூசியை எடுத்துவிட வேண்டும். அதன் மேல் தைத்தால் ஊசி உடைந்து கண்ணுக்கே தெறிக்கலாம். அனுபவசாலிகளும் சோம்பல் படுகிற இடம் இது.

இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், வைத்து எடுங்கள். தையல் மடிப்பு குழிந்த துண்டின் பக்கம் சாயட்டும். அங்கே நீங்கள் போட்ட வெட்டுகள் விரிந்து துணி சமமாகப் படுத்துவிடும். வட்டத்தின் பக்கம் திருப்பினால் நீளமான ஓரம் குவிந்து, முன்பக்கம் மேடு தட்டும்.

மீதி வேலை பழகியதுதான். நாலு ப்ளாக்கையும் இணைத்து, பஞ்சு ஷீட்டும் அடியில் காடா துணியும் வைத்து, வட்டத்தை ஒட்டி வரிவரியாகத் தையல் ஓட்டுங்கள். பின்பக்கத்துக்கு 16.5க்கு 11.5 அங்குலத்தில் இரண்டு துண்டு; ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை ஒரு அங்குலம் மடித்துத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தால் ஜிப்பே வேண்டாம்.

அடுத்த உறைக்கு 4 அங்குல ப்ளாக்கில் 3 அங்குல வளைவை எடுங்கள். தையல் கோடு இப்போது 4.7 அங்குலம்தான், அடக்க வேண்டியது அதே முக்கால். குண்டூசியும் வெட்டும் இன்னும் நெருக்கமாக வரட்டும்.