பதினொரு நோட்டில் ஒரே தப்பு

சென்ற வாரம் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். முக்கோணவியலில் ஒரு சாதாரணக் கணக்கு. கோபுரத்தின் அடியிலிருந்து 48 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சியின் ஏற்றக்கோணம் 30°, உயரம் என்ன? விடை 16√3 மீட்டர். பதினொரு நோட்டில் 16√2 என்று இருந்தது. படம் அழகு, படிகள் சரி, விடை மட்டும் தப்பு. கைடை வாங்கிப் பார்த்தேன். அச்சுப் பிழை.

(இதுவரை இப்படி எத்தனை பிழைகளுக்கு நானே டிக் போட்டிருக்கிறேனோ!)

பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் கேட்பது: "ராத்திரி பத்து மணி வரைக்கும் எழுதுறா மிஸ், ஆனா மார்க் வரல." எழுதுகிறாள், சரி. கணக்கு போடுகிறாளா? எழுதுவது வேறு, போடுவது வேறு. கைடைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு வரியும் புரிவது போலத்தான் இருக்கும். அடுத்த வரி கண்ணெதிரே இருந்தால் யாருக்குத்தான் புரியாது? பரீட்சைத் தாளில் அந்த அடுத்த வரி இருக்காது. டேன் தீட்டாவா சைன் தீட்டாவா என்று அவளே முடிவு செய்ய வேண்டிய இடம் அது. அந்த முடிவை வீட்டில் ஒரு தடவைகூட அவள் எடுத்ததில்லை. நோட்டு நிரம்பியிருப்பதைப் பார்த்து நீங்களும் நானும் ஏமாந்துகொண்டிருக்கிறோம்.

கணக்குக்கு மட்டுமில்லை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஆகவே, கைடை மூடு. போனில் படம் பிடித்து விடை கேட்கிற வேலையும் வேண்டாம். பதினைந்து நிமிடம் நீயே முட்டிப் பார். வரவில்லையா, மாட்டிய வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடு, அப்புறம் விடையைப் பார். மறுநாள் காலையில் அதே கணக்கைப் பார்க்காமல் போடு.

அம்மா அப்பாவுக்கு: "முடிச்சிட்டியா?" என்று கேட்காதீர்கள், "எங்கே மாட்டின?" என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, இருபது கணக்கு கொடுத்தால் பிள்ளை காப்பிதான் அடிக்கும். மூன்று போதும். பாதியில் நிற்கும் நோட்டைப் பார்த்துத் தயவுசெய்து திட்டாதீர்கள்; நாளை எங்கிருந்து பாடத்தை ஆரம்பிப்பது என்று அதுதான் சொல்கிறது.

அந்தப் பதினொரு பேருக்கும் அதே கணக்கை மறுபடி கொடுத்திருக்கிறேன். 48க்குப் பதில் 60 மீட்டர். கைடில் தேடிவிட்டேன், இல்லை.