320 என்று போட்டிருந்தால் போதுமா?

டிஜேயாக ஒரு ரிசப்ஷன் வேலைக்கு அட்வான்ஸ் வாங்கிய நாளிலிருந்தே வாட்ஸ்அப்பில் பாட்டுகள் வர ஆரம்பித்துவிடும். பெண்ணின் தோழிகள் ஒரு டான்ஸ் மிக்ஸ் அனுப்புவார்கள், மாப்பிள்ளையின் சித்தி பிள்ளைகள் இன்னொன்று. மேடை ஏறும் நேரத்தில் “அண்ணா, இந்த ஒரு பாட்டு மட்டும்” என்று ஒரு தம்பி ஃபோனை நீட்டுவான். பெரும்பாலும் எல்லாமே யூடியூபிலிருந்து இறக்கி, ஏதோ ஒரு ஆப்பில் வெட்டி ஒட்டி, எம்பி3 ஆக்கியவைதான். இயர்ஃபோனில் அவை நன்றாகவே கேட்டிருக்கும். மண்டபத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கிய பாக்ஸ் வழியாக வரும்போதுதான் பாட்டு சப்பென்று கிடப்பது தெரியும்.

ஏன் அப்படி ஆகிறது? சிடி தரம் என்றால் விநாடிக்கு ஒலியை 44,100 முறை அளந்து எடுத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் விநாடிக்கு 1,411 கிலோபிட். நாலு நிமிடப் பாட்டுக்கு இது 42 எம்பி வரும். அதே பாட்டு 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு 320 கிலோபிட்) எம்பி3யில் பத்து எம்பிக்குள் அடங்கும், 128இல் நாலு எம்பிக்குள். மனிதக் காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுப் பல தகவல்களைச் சுருக்கும் மென்பொருளான என்கோடர் எறிந்துவிடுவதால்தான் இது முடிகிறது. 320இல் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். 128இல் பிட் போதாது. காது கவனிக்கிறவற்றையும் சேர்த்துத்தான் எறிய வேண்டியிருக்கும்.

இதில் முதலில் அடிபடுவது தாள வாத்தியம். எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித்தான் சுருக்குகிறது. ஒரு துண்டின் நடுவில் திடீரென ஓர் அடி விழுந்தால், சுருக்கியதால் உண்டான இரைச்சல் துண்டு முழுக்கப் பரவும். அடி விழும் முன்பே ஒரு மங்கலான சலசலப்பு கேட்கும், அடியின் கூர்மை மழுங்கிவிடும். பறையில் குச்சி படும் அந்த ‘சட்’, தவிலில் விரல் கூடு விழும் ஓசை, தாளத்தின் ஜிலிர்ப்பு எல்லாம் இந்த வகைதான். நம் குத்துப்பாட்டுகள் முழுக்க முழுக்க இந்த அடிகளால் ஆனவை. ஒரு மெலடி 128இல் தப்பித்துக்கொள்ளலாம். பறை தப்பிக்காது.

நாம் பாட்டை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்களும் இல்லை. அடுத்த பாட்டோடு சேர்க்க வேகத்தைக் கூட்டுகிறோம், சுருதி மாறாமல் இருக்க மாஸ்டர் டெம்போவை அழுத்துகிறோம், டிரெபிளைத் திருகுகிறோம். ஏற்கெனவே கிழிந்து தைத்த ஒலியை இந்த வேலைகள் இன்னும் இழுக்கின்றன. தரம் குறைந்த ஃபைலில் டிரம்ஸின் ஹை-ஹேட் தட்டு தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது மாதிரி சுழலும். டிஜேக்களில் பலர் உடனே கெயினை ஏற்றுவார்கள். மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும், சத்தம் கூடும், தெளிவு வராது. பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் ஃபைலைப் பாருங்கள்.

சரி, 320 என்று போட்டிருக்கிறதே? அந்த எண் கடைசியாகச் சேமித்தபோது எத்தனை பிட் ஒதுக்கினார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். அதற்கு முன் அந்தப் பாட்டு எதிலெல்லாம் புகுந்து வந்தது என்பதைச் சொல்லாது. யூடியூபில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒலி ஏறக்குறைய 128 கேபிபிஎஸ் ஏஏசி, அல்லது அதைவிடச் சற்று மேலான ஓபஸ். இரண்டும் எம்பி3 மாதிரியே ஒலியைச் சுருக்கும் வேறு முறைகள். அதை ‘320 எம்பி3’ ஆக்கித் தரும் இணையதளம், ஒருமுறை சுருக்கியதை மறுபடி சுருக்குகிறது. தண்ணீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினால் பால் கெட்டியாகாது. இலவசப் பாட்டுத் தளங்களில் இருப்பதிலும் கணிசமானவை இதே கதைதான்.

பழைய பாட்டுகளுக்கு இன்னொரு பூர்வீகம் உண்டு. 2000களில் நடைபாதைக் கடைகளில் நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடி விற்றது பலருக்கு நினைவிருக்கும். 700 எம்பி சிடியில் 128 கேபிபிஎஸ் என்றால் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு பிடிக்கும், அதனால்தான் அத்தனை பாட்டு. அந்தத் தொகுப்புகள் ஹார்ட் டிஸ்க் ஹார்ட் டிஸ்க்காக மாறி, இன்றைக்கும் பல சவுண்ட் சர்வீஸ்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சந்தேகம் வந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போடுங்கள். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும். நல்ல 320இல் வண்ணம் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை ஏறும். 128இலிருந்து வந்தது என்றால் 16க்குப் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல நிற்கும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1960களின் பாட்டில் ஒலிப்பதிவிலேயே மேல் அதிர்வெண்கள் குறைவு. அங்கே வண்ணம் மெல்ல மெல்ல மங்கும், வெட்டு இருக்காது. மறுபக்கம், ஓபஸிலிருந்து மாற்றியது 20 வரை ஏறி உங்களை ஏமாற்றும். படத்தைப் பார்த்த பிறகு நல்ல ஹெட்ஃபோனில் தாளத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். எலக்ட்ரானிக் இசை போடுகிறவர்களுக்கு வழி சுலபம். 2004இல் தொடங்கிய பீட்போர்ட் என்ற இணையக் கடையில் 320 எம்பி3 கிடைக்கும், கொஞ்சம் கூடக் கொடுத்தால் சுருக்காத வடிவங்களான வேவ் அல்லது ஏஐஎஃப்எஃப். ஹவுஸ் இசைக்கு டிராக்ஸ்சோர்ஸ், பல வகையும் தேட ஜூனோ டவுன்லோட். எனக்குப் பிடித்தது பேண்ட்கேம்ப். ஒருமுறை வாங்கினால் எம்பி3, ஃபிளாக் (எதையும் எறியாமல் சுருக்கும் வடிவம்), வேவ், ஏஐஎஃப்எஃப் என எந்த வடிவத்திலும் இறக்கிக்கொள்ளலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், மிச்சத்தில் பணப்பரிமாற்றக் கட்டணம் போக எல்லாம் இசைத்தவருக்கோ அவருடைய லேபிளுக்கோ போகிறது. 2020 மார்ச்சில் ஆரம்பித்த ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கும் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்த 15ஐயும் எடுப்பதில்லை. சுயாதீனத் தமிழ்க் கலைஞர்களின் இசையைத் தேடுகிறவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

தமிழ் சினிமாப் பாட்டுக்குத்தான் வழி குறுகலாக இருக்கிறது. 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த ஐடியூன்ஸ் ஸ்டோரில் ஒவ்வொரு பாட்டாக வாங்கலாம். 256 கேபிபிஎஸ் ஏஏசி, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது. 256 என்று பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஏஏசி எம்பி3யைவிடத் திறமையான முறை, என் அனுபவத்தில் மண்டபத்துக்குத் தாராளமாகப் போதும். மாதச் சந்தா கட்டி ஆப்பில் சேமித்துக் கேட்கும் பாட்டு இதில் சேராது, அது உங்கள் கைக்கு வரும் ஃபைல் இல்லை. ஸ்ட்ரீமிங்கை நம்பித் தொழில் செய்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை டிஜே மென்பொருள்களோடு இருந்த இணைப்பைத் துண்டித்தபோது, பட்டியல் முழுவதையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் மண்டபத்தில் சிக்னல் கிடைக்காத கதை தனி.

பழைய பாட்டுக்கு நான் பரிந்துரைப்பது அசல் ஆடியோ சிடி. வீட்டுப் பரணில், பழைய பொருள் கடையில் இன்னும் கிடைக்கிறது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் ஃபிளாக்காக எடுத்தால், மற்றவர்கள் எடுத்த பிரதிகளோடு ஒப்பிட்டு உங்கள் பிரதி சரியா என்றும் சொல்லிவிடும். கீறல் விழும் முன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய ஃபைலோடு பொது இடத்தில் ஒலிக்கவிடும் உரிமையும் சேர்ந்து வந்துவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவு, திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்குத் தருகிறது. ஹோட்டல் புத்தாண்டு இரவுக்கு அந்த விலக்கு இல்லை. உரிமம் யார் எடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் மிக்ஸ் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது பாட்டின் பெயர், எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம் வரை, எந்த வரிசை என்பவை மட்டும். வாங்கிய ஃபைலில் நானே வெட்டித் தருகிறேன், அரை மணி நேர வேலை. அவர்களே வெட்டியதைத்தான் போட வேண்டும் என்றால், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் இன்னொருமுறை சுருக்கிவிடும்.

320ஆ, ஃபிளாக்கா என்ற சண்டைக்கு என் பதில் இதுதான். மேடையில் நேர்மையான 320 போதும். கண்ணைக் கட்டிக் கேட்கச் சொன்னால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டு ஹார்ட் டிஸ்கில் மட்டும் ஃபிளாக் வைத்திருங்கள், நாளைக்கு எந்த வடிவம் கேட்டாலும், சுருக்கியதை மறுபடி சுருக்காமல் அதிலிருந்து எடுக்கலாம். அப்புறம், வாடகைக்கு வரும் பிளேயர் எது என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சிடிஜே-2000 நெக்சஸ் 2 ஃபிளாக்கைப் படிக்கும், அதற்கு முந்தைய சிடிஜே-2000 படிக்காது. வேவில் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் சரியாக ஒட்டுவதில்லை, ஏஐஎஃப்எஃப்பில் ஒட்டும். யூஎஸ்பியை எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்து, அதே பட்டியலோடு இரண்டாவது யூஎஸ்பி ஒன்றையும் பையில் வைத்திருங்கள்.