குவாஷ் வண்ணம் எப்போது மறைக்கும், எப்போது ஊடுருவும்?

அரிசிமாவைக் கரைத்து இழைக்கோலம் போடும்போது, ஈரமாக இருக்கும்வரை கோடு மங்கலாகத்தான் தெரியும். காய்ந்ததும் அதே கோடு பளிச்சென்று வெளுத்துவிடும். மாவு கொஞ்சமும் கூடவில்லை. தண்ணீர் போன இடத்தில், துகள்களுக்கு நடுவே காற்று புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் கரைத்துத் தீட்டும், வாட்டர் கலரைவிட அடர்ந்த ஓவிய வண்ணம் குவாஷ். அது அடியில் இருப்பதை மறைப்பதற்கும், ஊடுருவலாக நின்று அடியிலிருப்பதைக் காட்டிக்கொடுப்பதற்கும் இதே இயற்பியல்தான் அடிப்படை.

இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில், அவற்றின் ஒளிவிலகல் எண்கள், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண்கள், எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு ஒளி சிதறும். சிதறினால் அடியிலிருப்பது மறையும். காற்றின் எண் 1.0, தண்ணீருக்கு 1.33. குவாஷைப் பிணைக்கும் அக்கேசியா மரப் பிசினுக்கு, அதாவது கடையில் கம் அராபிக் என்று கேட்டு வாங்குவதற்கு, ஏறக்குறைய 1.48. சுண்ணத்தூள் 1.6, துத்தநாக வெள்ளை 2.0, டைட்டானியம் வெள்ளை 2.7. ஆகவே சுண்ணத்தூள் பிசினுக்குள் முழுகினால் கிட்டத்தட்டக் காணாமல் போகும். காற்றோடு உரசி நின்றால்தான் வெளுப்பாகத் தெரியும். டைட்டானியம் எதற்குள் முழுகினாலும் மறைக்கும்.

வாட்டர் கலரிலும் குவாஷிலும் இருப்பது ஒரே பிசின்தான். குவாஷில் நிறமி, அதாவது நிறம் தரும் தூள், அதிகம், அதற்கு ஏற்ற அளவு பிசின் இல்லை. காயும்போது எல்லா இடுக்குகளையும் பிசினால் நிரப்ப முடியாது. மிச்ச இடுக்குகளில் காற்று தங்குகிறது. குவாஷின் மினுக்கம் இல்லாத, வெல்வெட் போன்ற பரப்பு அப்படி வருவதுதான்.

இதனால் ஊடுருவலைக் கட்டுப்படுத்தும் பிடிகள் மூன்று: தண்ணீர், வெள்ளை, பிசின். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைத்தான் பலர் தொடுவதே இல்லை.

முழுதாக மறைக்க, கொண்டைக்கடலை அளவு வண்ணத்துக்கு இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் போதும். தோசைமாவு பதத்தில் இருக்க வேண்டும். பால் பதம் பாதி மறைக்கும். நீர்மோர் பதத்தில் காகிதமே தெரியும். சரியான பதம் நிறமிக்கு நிறமி மாறும். காவி நிறம் தரும் இரும்பு ஆக்சைடும் காட்மியம் மஞ்சளும் இயல்பாகவே நன்றாக மறைப்பவை. அல்ட்ராமரின் நீலத்தின் எண் 1.5, பிசினுக்கு மிக அருகில். அது அவ்வளவாக மறைக்காது. அதனால் ஒரு சோதனை அவசியம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தடித்த காகிதத்தில் தண்ணீரில் கரையாத கறுப்பு மையால் தடித்த கோடு இழுத்து, ஒவ்வொரு வண்ணத்தையும் மூன்று பதத்திலும் அதன் குறுக்கே தீட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பாருங்கள். வெளிர்நிறங்கள் காய்ந்தால் சற்று அடர்ந்தும், அடர்நிறங்கள் சற்று வெளிறியும் போகும் என்பதால் ஈரத்தில் சொல்லும் தீர்ப்பு செல்லாது.

தண்ணீரை மட்டும் ஊற்றி ஊற்றி மெல்லிய பூச்சு போட்டால், நிறமியோடு பிசினும் நீர்த்துப்போய்க் காகிதத்துக்குள் இறங்கிவிடுகிறது. காய்ந்ததும் பூச்சு சாக்பீஸ் போல வெளிறும், விரலில் ஒட்டும். மருந்து எளிது: கரைக்கும் தண்ணீரில் சில சொட்டு கம் அராபிக் கரைசல் சேருங்கள். இடுக்குகள் நிரம்பி, காற்று வெளியேறி, நிறம் ஆழமாகவும் ஊடுருவலாகவும் நிற்கும். அளவு மீறினால் பரப்பு மினுங்கும், பிறகு வெடிக்கும். வண்ணத்தைத் தயிர்போலக் கெட்டியாக அப்பினாலும் வெடிப்புதான்: தண்ணீர் போகும்போது பூச்சு சுருங்குகிறது, காய்ந்த பிசினுக்கோ வளைந்துகொடுக்கும் குணம் இல்லை. ஒரே தடித்த பூச்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய பூச்சு போடுவது நல்லது.

வெள்ளை கலந்து மறைப்பதில் ஒரு விலை உண்டு. டைட்டானியம் வெள்ளை நிறத்தை வெளிறவைப்பதோடு குளிர்ச்சியாகவும் ஆக்கும். கறுப்பின்மேல் வெள்ளையை மெல்லியதாக இழுத்துப் பாருங்கள், சாம்பல் அல்ல, நீலம் எட்டிப்பார்க்கும். நுண்துகள்கள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் வருவது இது. பனிமூட்டம், புகை, தூரத்து மலை வரைய இதைவிட நல்ல வழி குவாஷில் இல்லை. வெயில் விழும் தோலுக்கு மட்டும் ஆகாது. அங்கே வெள்ளையோடு துளி மஞ்சள் காவி சேர்த்தால் சூடு திரும்பும்.

இன்னொரு தொல்லை, அடிப்பூச்சு கரைந்து மேலே வருவது. பிசின் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். மெல்லிய பூச்சை மேலே போடும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அதில்தான் தண்ணீர் அதிகம். அடிப்பூச்சு முழுக்கக் காயட்டும். மென்மயிர்த் தூரிகையை ஒற்றி, கூடுதல் ஈரத்தை எடுத்துவிட்டு, ஒரே இழுப்பில் முடியுங்கள். திரும்பத் தேய்த்தால் சேறுதான். சில பளிச் மெஜந்தாக்கள் நிறமியால் அல்ல, சாயத்தால் ஆனவை. அவற்றின்மேல் எத்தனை கெட்டி வெள்ளை பூசினாலும் சாயம் கரைந்து ஊறி, இளஞ்சிவப்பாக மேலே வந்துவிடும். அந்த நிறத்தைக் கடைசிப் பூச்சாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.