பள்ளிக் கட்டண பாக்கியும் வீட்டில் நிற்கும் பேரப்பிள்ளைகளும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். போன வாரம் இன்னொரு ஆயா வந்தார். மகள் இறந்த பிறகு பேரனை வளர்ப்பவர் அவர்தான். கட்டண பாக்கி இருக்கிறதென்று பள்ளியில் ரிப்போர்ட் தரவில்லையாம். வெட்கப்பட்டுப் பையனை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்வது? பாக்கியைக் காட்டி அரசுப் பள்ளி எதுவும் பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது. ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கவும் கூடாது.

"கட்டண விலக்கா? அதெல்லாம் இலவசப் பள்ளிக்குத்தானே?" என்று கேட்காதவர் இல்லை. கட்டணமே வாங்காத பள்ளியில் எதற்கு விலக்கு? 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டம் விலக்கை வைத்திருப்பதே கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளிகளுக்காகத்தான். பேரனுக்காக சாசாவிலிருந்து, அதாவது அரசின் சமூக உதவித்தொகை நிறுவனத்திலிருந்து, குழந்தை உதவித்தொகை வாங்குகிறீர்களா? விலக்கு உங்களுக்கு உண்டு. உதவித்தொகை இல்லையா? அப்போது வருமானத்தைப் பார்ப்பார்கள். ஆண்டுக் கட்டணம் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 10 சதவீதத்தைத் தொட்டாலே முழு விலக்கு. முதியோர் பென்ஷன் வாங்கும் ஆயா பேரனுக்கான தொகையையும் வாங்கலாம். ஒன்று வாங்கினால் மற்றது போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கோயில் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் கொடுக்கிறீர்கள், நல்ல காரியம். அதே மேசையில் படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவரையும் உட்கார வையுங்கள். ஒரு டேர்ம் கட்டணத்தை வசூல் செய்து கட்டினால் அடுத்த டேர்மில் அதே பாக்கி வந்து நிற்கும். பள்ளிக்குப் போகக் கூசும் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கும் வருவதில்லை, தேவாரம் பாடவும் வருவதில்லை. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே கைக்காசு போட்டுப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள். அந்த வழியில் வந்த பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். விலக்குக் கேட்டுப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள், சாசா கடிதத்தை இணையுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம். பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டால் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஆயா, பதில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே யூனிஃபார்ம் போட்டுப் பையனை அனுப்பிவிடுங்கள். பள்ளியில் ஏதாவது சொன்னால் எங்களைக் கூப்பிடுங்கள்.