சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு: தகுதி எந்த நாளில் முடிவாகிறது?

மகப்பேறு விடுப்பு என்றதும் எல்லாரும் கேட்பது "எத்தனை வாரம்?" என்றுதான். இந்தியச் சட்டத்தில் 26 வாரம் என்று இருந்தாலும், தகுதி நாள் கணக்கில் இரண்டு நாள் குறைந்துவிட்டால் அந்த 26 வாரமும் கைக்கு வராமல் போகலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: எத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், அந்த நாட்களை எந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள்? நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுவது இந்தத் தேதிதான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். விடுப்பில் போக உரிமை உண்டு என்பது ஒரு கேள்வி. அந்த நாட்களுக்குப் பணம் உண்டா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் ஊழியராகச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே 52 வாரம் விடுப்பு எடுக்க உரிமை இருக்கிறது. ஆனால் பணத்துக்குத் தனியாகத் தகுதி பெற வேண்டும். அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது. அது சம்பளமில்லா விடுப்பு. அதற்கே அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும், 75 மைல் சுற்றளவுக்குள் அந்த நிறுவனத்துக்கு 50 பேராவது இருக்க வேண்டும். "விடுப்பு உண்டு" என்று ஹெச்ஆர் சொன்னதைச் "சம்பளம் உண்டு" என்று எடுத்துக்கொண்டு பின்னால் தவிப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

பணம் யார் கொடுக்கிறார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால் தகுதி விதி எப்படி இருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம். முதலாளியே கொடுக்கும் நாட்டில், அவரிடம் எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி. காப்பீட்டு நிதி கொடுக்கும் நாட்டில், எத்தனை மணி நேரத்துக்கு அல்லது எத்தனை நாளுக்குச் சந்தா கட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இடையில் கம்பெனி மாறினாலும் கணக்கு தொடரும். அரசு வரிப்பணத்திலிருந்து கொடுக்கும் நாட்டில், வேலையோடு சேர்த்து அந்த நாட்டில் எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறீர்கள் என்பதும் வரும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை (2000) குறைந்தது 14 வாரம், முந்தைய வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொகை என்று அளவு வைத்திருக்கிறது. இந்தச் செலவை முதலாளி ஒருவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. அந்தப் பிரிவு மிகவும் நியாயமானது. முழுச் செலவும் முதலாளியுடையது என்றால், தகுதி நாள் நிரம்புவதற்குள் கர்ப்பிணியை வெளியே அனுப்பிவிடத் தோன்றும். கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயக்கம் வரும்.

இந்தியா: 80 நாள்

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் முதலில் 160 நாள் கேட்டது. 1989 முதல் அது 80 நாளாகக் குறைந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 80 நாளைத்தான் வைத்திருக்கிறது. எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில், அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். குழந்தை உண்மையில் பிறக்கும் நாள் இந்தக் கணக்கில் வராது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் தேதிதான் அளவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாக்டர் குறித்த தேதி 2026 செப்டம்பர் 15. ஒரு பெண் மார்ச் 2 திங்கட்கிழமை புதிதாக வேலையில் சேர்கிறார். அப்போதே கிட்டத்தட்ட மூன்று மாதக் கர்ப்பம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஒரு நாளும் தவறவில்லை என்றால் ஜூன் 2-ஆம் தேதி 80 நாள் நிறைகிறது. ஐந்து நாள் வேலை என்றால் ஜூன் 19. பிரசவத்துக்கு முந்தைய எட்டு வார விடுப்பு ஜூலை 21-இல்தான் தொடங்கலாம் என்பதால் நேரம் தாராளமாக இருக்கிறது. "சேரும்போதே கர்ப்பமாக இருந்தீர்கள், அதனால் கிடையாது" என்று யாராவது சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. வேலையில்லை என்று நிறுவனமே நிறுத்தி வைத்த லே-ஆஃப் நாட்களும், சட்டப்படி சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறைகளும் 80-இல் சேரும். நாள் போதவில்லை என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இவைதான்.

தகுதி பெற்றால் 26 வாரம். பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் வரை எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உயிருடன் இருந்தால் 12 வாரம், முன்னதாக ஆறு வாரம் வரை. மூன்றாவது குழந்தைக்கு விடுப்பே கிடையாது என்று பலர் நினைப்பது தவறு; அளவு குறைகிறது, உரிமை இருக்கிறது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம். வாரம் என்பதை ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ஏழு நாளாகவே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே 26 வாரம் என்றால் 182 நாள் சம்பளம். நாள் விகிதம், விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தின் சராசரி. பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான பணத்தைக் கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். மாதா மாதம் சம்பளத் தேதியில் போடுவது பல நிறுவனங்களின் வழக்கம், ஆனால் சட்டம் சொல்வது இதுதான்.

விதி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள், நிறுவனங்களுக்கும், எல்லாத் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களுக்கும் உண்டு. நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது: மஸ்டர் ரோலில் தினக்கூலி வாங்கும் பெண்களுக்கும் இது பொருந்தும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஒப்பந்தக் காலம் விடுப்பின் நடுவில் முடிந்தாலும் முழுப் பயனும் தர வேண்டும் என்பது 2023 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு. கர்ப்ப காலத்தில் வேலையைவிட்டு நீக்கினாலும், நீக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பணத்தை மறுக்க முடியாது. கடும் ஒழுங்கீனம் மட்டுமே விலக்கு. முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்கத் தவறியதாலும் உரிமை போகாது.

ஈஎஸ்ஐ-யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில்) இருப்பவர்களுக்குக் கதை வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு ஈஎஸ்ஐ பிடித்தம் போகிறது என்றால் பணத்தை ஈஎஸ்ஐ கழகம் கொடுக்கும், நிறுவனம் கொடுக்காது. தகுதி: முந்தைய இரண்டு தொடர் சந்தா காலங்களில் குறைந்தது 70 நாளுக்குச் சந்தா. சந்தா காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆண்டுக்கு இரண்டு. பயன் காலம், அதாவது அந்தச் சந்தாவுக்குப் பணம் பெறக்கூடிய காலம், மூன்று மாதம் தள்ளி, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகிறது. இந்த இடைவெளிதான் புதிதாகச் சேர்ந்தவர்களைக் குழப்பும். சம்பளத்தில் பிடித்தார்கள், ஆனால் நிறுவனம் கழகத்தில் கட்டவில்லை என்பது பிரசவத்துக்குப் பிறகுதான் தெரிய வருவதும் உண்டு. ஐந்தாவது மாதத்திலேயே ஈஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுச் சந்தா விவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிரிட்டன்: கருத்தரிக்கும் முன்பே வேலையில் இருக்க வேண்டும்

சட்டப்படியான மகப்பேறு ஊதியத்துக்கு, பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முந்தைய வாரத்தைத் 'தகுதி வாரம்' என்கிறார்கள். அந்த வாரம் முடியும்போது அதே முதலாளியிடம் 26 வாரம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். பிரசவத் தேதி 2026 செப்டம்பர் 16 என்று வையுங்கள். அந்த வாரம் ஞாயிறு 13-இல் தொடங்குகிறது. 15 வாரம் பின்னால் போனால் தகுதி வாரம் மே 31 முதல் ஜூன் 6 வரை. அதிலிருந்து 26 வாரத்தை எண்ணினால், 2025 டிசம்பர் 7-இல் தொடங்கும் வாரத்திலாவது வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். மருத்துவக் கணக்குப்படி இந்தக் கர்ப்பத்தின் முதல் நாள் டிசம்பர் 10. கர்ப்பம் தெரிந்த பிறகு வேலை மாறினால் இந்த ஊதியம் புது முதலாளியிடம் கிடைக்காது என்பதுதான் இதன் பொருள். இந்தியாவின் 80 நாளோடு ஒப்பிட்டால் இது மிகக் கடுமை.

இரண்டாவது நிபந்தனை வாரச் சராசரி வருமானம். 2025–26 நிதியாண்டில் அது 125 பவுண்டுக்குக் குறையக் கூடாது. தகுதி வாரத்தின் கடைசிச் சம்பளத் தேதியோடு முடியும் எட்டு வாரத்தை மட்டும் எடுத்துச் சராசரி போடுவார்கள். அந்த எட்டு வாரத்தில் மசக்கையால் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாலோ, வரிச் சலுகைக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டாலோ ஊதியம் அப்படியே சரியும். முதல் ஆறு வாரம் வாரச் சராசரியில் 90 சதவீதம் என்பதால் இழப்பு சிறிதல்ல. மீதி 33 வாரத்துக்கு வாரம் 187.18 பவுண்டு (2025–26), அல்லது 90 சதவீதம், எது குறைவோ அது.

தகுதி இல்லை என்றால் முதலாளி எஸ்எம்பி1 படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் அடுத்த வழிக்கு அது தேவை. அரசு தரும் மகப்பேறு படித்தொகைக்கு, பிரசவத்துக்கு முந்தைய 66 வாரத்தில் ஏதாவது 26 வாரம் வேலை, அதில் 13 வாரம் வாரத்துக்கு 30 பவுண்டு சம்பாத்தியம் இருந்தால் போதும். முதலாளி மாறியிருந்தாலும், சொந்தத் தொழிலாக இருந்தாலும் சேரும். பலர் முதல் மறுப்போடு நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்க வேண்டாம்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா

சிங்கப்பூரில் வேலை நாளைவிடக் குழந்தையின் குடியுரிமை பெரிய விஷயம். குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, தாய் பிரசவத்துக்கு முன் அதே முதலாளியிடம் மூன்று மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் 16 வாரம். பிறந்தபோது குடியுரிமை இல்லாவிட்டாலும், 12 மாதத்துக்குள் கிடைத்துவிட்டால் அதன் பிறகு பெறலாம். குடியுரிமை இல்லாத குழந்தைக்கு 12 வார விடுப்பு. அதில் சம்பளம் எட்டு வாரத்துக்கு, அதுவும் ஏற்கெனவே இரண்டு குழந்தைகளுக்குக் குறைவாக இருந்தால். வேலை பாஸில் இருக்கும் தம்பதிகள் 16 வாரம் என்று எண்ணித் திட்டமிட்டுவிடக் கூடாது.

மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் 60 நாள் 98 நாளானது. பணத்துக்கு இரண்டு சோதனை: பிரசவத்துக்கு முந்தைய நான்கு மாதத்தில் எப்போதாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும்; முந்தைய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்து குழந்தைகள் இருந்தால் விடுப்பு உண்டு, பணம் இல்லை. இலங்கையில் மூன்றாவது குழந்தை முதல் நாட்களைக் குறைத்த பழைய விதி 2018 திருத்தத்தில் நீங்கியது. இப்போது எல்லாப் பேற்றுக்கும் 84 நாள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள்: 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதி. முன்பு முழுச் சம்பளத்துக்கு ஓராண்டு பணி தேவைப்பட்டது, இப்போது தேவையில்லை. கத்தாரில் 50 நாளுக்கு ஓராண்டு பணி முடித்திருக்க வேண்டும். அமீரகத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குத் தனிச் சட்டம். இந்த 60 நாள் அவர்களுக்கு எட்டாது.

மணிக் கணக்கில் எண்ணும் நாடுகள்

கனடாவில் வேலை காப்பீட்டு நிதி கொடுக்கிறது. முந்தைய 52 வாரத்தில் 600 மணி நேரம், வாரம் 37.5 மணி என்றால் 16 வாரம். எத்தனை முதலாளியிடம் என்பது கேள்வியே இல்லை. தாய்க்கு 15 வாரம், சராசரி வருமானத்தில் 55 சதவீதம், உச்ச வரம்புக்கு உட்பட்டு. குழந்தை வளர்ப்புக்கான வாரங்கள் தனி. கடைசி வேலை நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் பயன் குறையலாம். சொந்தத் தொழில் செய்பவர் 12 மாதம் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். கியூபெக் மாகாணத்தில் மணிக் கணக்கு கிடையாது; 2,000 டாலர் காப்பீட்டு வருமானம் போதும்.

ஆஸ்திரேலியா பிரசவத்துக்கு முந்தைய 13 மாதத்தில் 10 மாதம், அதில் 330 மணி நேரம் கேட்கிறது. வாரம் ஒரு நாள் வேலை செய்பவர்கூட எட்டிப்பிடிக்கும் அளவு. சறுக்குவது வேறு இடத்தில்: இரண்டு வேலை நாட்களுக்கு நடுவே 12 வாரத்துக்கு மேல் இடைவெளி வரக் கூடாது. ஊருக்குப் போய் நான்கு மாதம் தங்கிவிட்டு வந்தவர் இங்கேதான் தகுதி இழக்கிறார். புதிதாக நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுக் காத்திருப்பும் உண்டு. நியூசிலாந்தில் 52 வாரத்தில் ஏதாவது 26 வாரம், சராசரியாக வாரம் 10 மணி. அந்த 26 வாரம் தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அடிப்படைக் காலத்தில் 300 டாலர் சம்பாதித்து மாநிலக் காப்பீடு பிடித்திருந்தால் போதும். ஆனால் அந்தக் காலம் விண்ணப்பத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 18 மாதம் முந்தையது. சமீபத்திய சம்பளம் கணக்கில் வராது. வாஷிங்டன் மாநிலத்தில் 820 மணி நேரம். நியூயார்க்கில் வாரம் 20 மணி அல்லது அதற்கு மேல் வேலை என்றால் 26 தொடர் வாரம், 20 மணிக்குக் குறைவென்றால் 175 வேலை நாள்.

ஜெர்மனி நாள் கணக்கே கேட்பதில்லை. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் எட்டு வாரம், குறைமாதமோ இரட்டையோ என்றால் பின் 12 வாரம். அரசுசார் மருத்துவக் காப்பீடு நாளுக்கு 13 யூரோ வரை தருகிறது. சராசரி நிகரச் சம்பளத்துக்கு எட்டாத மீதியை முதலாளி தந்து, அதை எல்லா முதலாளிகளும் சந்தா கட்டும் பொது நிதியிலிருந்து திரும்பப் பெறுகிறார். கர்ப்பிணியால் எந்த ஒரு முதலாளிக்கும் தனிச் செலவு இல்லை. தனியார் காப்பீட்டில் இருப்பவருக்கு மட்டும் அந்த 13 யூரோவுக்குப் பதில் மொத்தமாக 210 யூரோ வரைதான்.

எந்த நாடானாலும் வைத்திருக்க வேண்டியவை

பணி நியமன ஆணை, கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகள், பிரசவத் தேதி எழுதிய மருத்துவச் சான்று. தினக்கூலி, ஒப்பந்த வேலை என்றால் வருகைப் பதிவேட்டை மாதா மாதம் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். 78 நாளா 81 நாளா என்ற சண்டை வரும்போது அது ஒன்றுதான் பேசும். ஏஜென்சி மாறினால் பழைய ஏஜென்சியிடம் பணிச் சான்று வாங்காமல் வர வேண்டாம். ஸ்கேனுக்குப் பிறகு டாக்டர் தேதியை மாற்றியிருந்தால், விண்ணப்பத்தில் போட்ட தேதியும் சான்றில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுங்கள். விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் ஒரு பிரதியை அலுவலகக் கணக்குக்கு வெளியே உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பி வையுங்கள், ஏனெனில் வேலை போனால் முதலில் மூடப்படுவது அந்த அலுவலகக் கணக்குதான்.