கர்தினால்: கதவுக் குடுமியில் பிறந்த சொல்

இந்தச் சொல்லைத் தமிழில் மூன்று விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன்: கர்தினால், கார்டினல், கருதினால். மூன்றாவது வடிவம் கண்ணில் பட்டால் எனக்கு வாசிப்பு தட்டிவிடும். 'எதைக் கருதினால்?' என்று முந்தைய வரியில் தேடப் போய்விடுவேன். கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தைக்கு (போப்பாண்டவருக்கு) அடுத்த நிலையில் இருந்து, அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உள்ளவர்களுக்கு, ஒரு வினையெச்சம் பட்டமாக நிற்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

முதல் இரண்டில் எது சரி? இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். வந்த வழிதான் வேறு. 'கார்தினாலிஸ்' என்பது மூலம். லத்தீனிலும் இத்தாலியத்திலும் அந்த இடத்து ஒலி பல்லைத் தொடுகிற 'த'. குருமார் வழியாக நம் கோயில்களுக்கு வந்த சொல் அதனால் 'கர்தினால்' ஆனது. ஆங்கிலச் செய்தி வழியாக வந்தது 'கார்டினல்' ஆனது. வத்திக்கான், வாடிகன் என்ற இரட்டையிலும் இதே கதைதான். கத்தோலிக்கர்கள் வாயிலும் அவர்கள் நூல்களிலும் பழகிய வடிவம் கர்தினால் என்பதால் அதையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

சரி, பொருளுக்கு வருவோம். 'கார்தோ' என்றால் லத்தீனில் கதவின் கீல் என்று அகராதிகள் சொல்லும். கீல் என்றதும் இரண்டு இரும்புத் தகடும் நடுவில் ஓர் ஆணியும் நினைவுக்கு வரும். ரோமானியர் வீட்டுக் கதவு பெரும்பாலும் அப்படி இல்லை. எங்கள் ஊர்ப் பழைய வீட்டின் பின்கட்டுக் கதவு மாதிரி அது. பலகையின் ஓர் ஓரத்தில் மேலும் கீழும் முளை நீட்டிக்கொண்டிருக்கும். மேல்முளை நிலையில் உள்ள துளைக்குள்ளும், கீழ்முளை வாசற்படிக் குழிக்குள்ளும் உட்கார்ந்து சுழலும். அதற்குப் பெயர் குடுமி. மழைக்காலத்தில் மரம் ஊறிக் கதவு கிறீச்சிட்டால் பாட்டி அந்தக் குழியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார். கனமான தேக்குக் கதவு முழுக்க அந்த இரண்டு விரல் அகலக் குடுமியில்தான் நிற்கும். கார்தோவுக்கு நேர்த் தமிழ் அதுதான்: குடுமி, அல்லது சுழியாணி.

இதிலிருந்து கிளைத்தவை பல. ரோம நில அளவையர் வடக்கு தெற்காக இழுத்த அடிப்படைக் கோட்டையும் கார்தோ என்றே அழைத்தார்கள். நான்கு பெருந்திசைகளுக்கும், விவேகம், நீதி, துணிவு, மட்டுமிதம் என்னும் நான்கு நற்பண்புகளுக்கும் ஐரோப்பிய மொழிகளில் 'கார்தினால்' அடைமொழி வந்தது, மற்றவை இவற்றைப் பற்றிச் சுழல்கின்றன என்பதால். நம் மறைக்கல்வியில் வரும் 'தலையான பாவங்கள் ஏழு' இந்தக் குடும்பம் அல்ல. அது தலையைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லின் மொழிபெயர்ப்பு. தலை வேறு, குடுமி வேறு. (கதவுக் குடுமியைச் சொல்கிறேன்.)

திருச்சபை குடுமிகளில் சுழல்கிறது, ஆகவே அவர்கள் கர்தினால்கள் என்ற விளக்கத்தோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். அந்த உவமை பழையதுதான். திருத்தந்தை 9-ஆம் லியோவின் பெயரில் 1054-ல் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போன கடிதத்தில், அசையாத குடுமியில் கதவு ஆடுவதுபோல என்று வருகிறது. ஆனால் சொல் அதற்குப் பல நூற்றாண்டு முந்தையது, அதன் முதல் பொருளும் வேறு. இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் திருச்சபைச் சட்ட வரலாற்று அறிஞர் ஸ்டெஃபான் குட்னர், 1945-ல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில்.

தச்சர்கள் மொழியில் கார்தோவுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி, இன்னொரு மரத்தின் துளையில் செருகிப் பொருத்துவார்கள் அல்லவா, அந்தச் செருகுமுனை. 600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியில் லொம்பார்தியர் படையெடுப்பால் பல ஊர்கள் பாழாயின. தன் மறைமாவட்டத்தை இழந்த ஆயரை (பிஷப்பை), ஆயர் இல்லாத வேறொரு மறைமாவட்டத்தில் பொருத்தினார் திருத்தந்தை பெரிய கிரகோரி. அப்படிப் பொருத்துவதற்கு அவர் கடிதங்களில் வரும் வினை 'இன்கார்தினாரே'. பொருத்தப்பட்டவர் கார்தினாலிஸ். பெருமைக்குரிய பட்டம் எதுவும் அப்போது இதில் இல்லை. ஓரிடத்துக்கென்று திருநிலைப்படுத்தப்பட்டு (திருப்பணிப் பட்டம் தரப்பட்டு) இன்னோர் இடத்தில் செருகப்பட்டவர், அவ்வளவுதான்.

ரோமிலும் இதுவே நடந்தது. சுற்றுவட்டாரத்து ஏழு ஆயர்கள் முறை வைத்து லாத்தரான் பேராலயத்துக்கு வந்து வழிபாடு நடத்தினார்கள். நகரத்துப் பழைய கோயில்களின் குருக்களும் பசிலிக்கா எனப்படும் பெரிய ஆலயங்களில் முறை செய்தார்கள். சொந்த வேலை ஓரிடம், செருகப்பட்ட வேலை வேறிடம். ஆகவே கர்தினால்கள். திருத்தந்தைக்கு அருகிலேயே இருந்ததால் செல்வாக்கு ஏறியது. 1059-ல் 2-ஆம் நிக்கோலாஸ் திருத்தந்தைத் தேர்தலில் முதன்மைப் பங்கை கர்தினால் ஆயர்களிடம் கொடுத்தார். 1179-லிருந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விதியும் வந்தது. செல்வாக்கு ஏறத் தொடங்கிய பிறகுதான், அதற்கு ஏற்றாற்போல் குடுமி உவமை ஒட்டிக்கொண்டது. பட்டத்துக்குப் பொருத்தமாகப் பிற்பாடு கதை சொல்வது நமக்கும் புதிதல்ல.

பழைய பொருளின் மிச்சம் இன்றும் இருக்கிறது. எந்த நாட்டுக் கர்தினாலானாலும், ஆயர் வகை, குரு வகை, திருத்தொண்டர் (குருவுக்குக் கீழ்ப்படி) வகை என்ற மூன்றில் ஒன்றில் சேர்க்கப்பட்டு, பெரும்பாலும் ரோமிலோ அதன் அண்டையிலோ ஒரு கோயில் அவர் பெயருக்கு எழுதப்படும். அவர் மணிலாவில் இருக்கலாம், மும்பையில் இருக்கலாம். சொல்லளவில் அவர் ரோமில் செருகப்பட்டவர்.

இந்த மூலப் பொருளை நினைத்தால் எனக்கு உடனே ஞாபகம் வருபவர் பியெத்ரோ கஸ்பாரி என்ற கர்தினால். 1852 மே 5-ல் இத்தாலியின் மார்க்கே மலைப்பகுதியில், உஸ்ஸித்தாவை ஒட்டிய குக்கிராமத்தில், ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1877-ல் குருவானார். 1880 முதல் 1898 வரை பாரிஸ் கத்தோலிக்கக் கல்விக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் கற்பித்தார். அங்கிருந்தபோதே 1891-ல் திருமணச் சட்டம் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. அப்புறம் பேராயராக்கி, பெரு, பொலிவியா, எக்குவடோர் மூன்றுக்கும் திருத்தந்தையின் தூதராக அனுப்பினார்கள். 1901-ல் ரோமுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். உஸ்ஸித்தா மரத்தை எங்கெல்லாம் செருகியிருக்கிறார்கள் பாருங்கள்.

அவர் பெயரை நிலைநிறுத்திய வேலை 1904-ல் தொடங்கியது. அதுவரை கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரே சட்டப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. 1140 வாக்கில் பொலோஞ்ஞாவில் கிராசியன் தொகுத்தது, 1234-ல் 9-ஆம் கிரகோரி வெளியிட்டது, அதன்மேல் சங்கங்கள் எனப்படும் ஆயர் பேரவைகளின் முடிவுகள், திருத்தந்தையரின் ஆணைகள், உரோமைத் துறைகளின் தீர்ப்புகள் என்று அடுக்கடுக்காகக் குவிந்திருந்தது. எது நடப்பில் உள்ளது, எது காலாவதி என்று சொல்லவே ஒரு வல்லுநர் வேண்டும். 1869-70-ல் நடந்த முதல் வத்திக்கான் சங்கத்திலேயே ஆயர்கள் இதைச் சொல்லி முறையிட்டார்கள். 10-ஆம் பத்திநாதர் 1904 மார்ச் 19-ல் தொகுப்புப் பணியை அறிவித்து, கஸ்பாரியை அதன் செயலராக்கினார். 1907-ல் கர்தினாலும் ஆக்கினார்.

கஸ்பாரி எடுத்த முடிவுதான் முக்கியம். பழைய ஆணைகளைக் கதையும் காரணமுமாக அப்படியே அடுக்காமல், அக்கால ஐரோப்பிய நாடுகளின் சட்ட நூல்கள்போலச் சின்னச் சின்ன எண்ணிட்ட விதிகளாக உருக்கி வார்ப்பது. வரைவுகளை அச்சிட்டு உலகமெங்கும் ஆயர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். நடுவில் உலகப்போர் வெடித்தது. 1914 அக்டோபரில் புதிய திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் கஸ்பாரியை வத்திக்கான் செயலகத் தலைவராக்கினார். பகலில் போரிடும் நாடுகளோடு கடிதப் போக்குவரத்து, மிச்ச நேரத்தில் சட்டத் தொகுப்பு. 1917 மே 27, பெந்தகோஸ்து நாளில் நூல் வெளியானது. 5 பாகம், 2414 விதிகள். அடுத்த பெந்தகோஸ்தில், 1918 மே 19-ல், நடைமுறைக்கு வந்தது. விதிகளுக்கு அடியில் அவை எந்தப் பழைய ஆணையிலிருந்து வந்தவை என்ற குறிப்பையும் கஸ்பாரி சேர்த்தார். அந்த மூலங்களின் தொகுப்பே பின்னால் 9 தொகுதிகளாக நீண்டது. கடைசித் தொகுதி வரும்போது அவர் உயிரோடு இல்லை.

இதெல்லாம் ரோமாபுரிச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு பூசையில் 'முதல் ஓலை', 'இரண்டாம் ஓலை', 'மூன்றாம் ஓலை' என்று சாமியார் மணமக்கள் பெயர் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பதைக் கத்தோலிக்கப் பங்குகளில் வளர்ந்தவர்கள் கேட்டிருப்பார்கள். மூன்று முறை அறிவிக்கும் இந்த ஏற்பாடு 1563-ல் திரெந்து சங்கம் உறுதி செய்தது. கஸ்பாரியின் தொகுப்பு அதற்கும் ஓர் எண் கொடுத்து வைத்துக்கொண்டது. திருமணச் சட்டம்தான் அவருடைய சொந்தக் களம் என்பதை மறக்கக்கூடாது.

விதிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கானன்'. கிரேக்கத்தில் 'கனோன்' என்றால் அளக்கும் கோல், நேர் பார்க்கும் சட்டம். அதற்கும் அடியில் நாணலைக் குறிக்கும் செமித்திய மொழிச் சொல் கிடக்கிறது. எபிரேயத்தில் அது 'கானே'. கன்னலும் கணக்கும் இதே வேரா என்று கேட்டு யாராவது வருவார்கள். ஒலி ஒத்துப்போவதைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது. ஒலியைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தால் நம்மிடமே அருமையான இணை இருக்கிறது: கோல். அளவுகோல், துலாக்கோல், கோணாத ஆட்சிக்குச் செங்கோல், கோணினால் கொடுங்கோல். நாணலில் தொடங்கி நீதியில் முடியும் அதே பயணத்தைத் தமிழ் தன் வழியில் தனியாக நடந்திருக்கிறது. புழக்கத்தில் 'கானன்' இரண்டாகப் பிரிந்துவிட்டது. விவிலிய நூல்களின் வரிசைக்குத் திருமுறை என்கிறோம். 'இணைத் திருமுறை நூல்கள்' என்ற வழக்கு அதிலிருந்து வந்தது. சைவத் திருமுறையோடு குழம்பும் என்று சிலருக்குத் தயக்கம் உண்டு, எனக்கு இல்லை. சட்டத்துக்குத் 'திருச்சபைச் சட்டம்'. அதைக் கற்றவரைத் திருச்சபை வழக்கறிஞர் என்பதைவிடத் திருச்சபைச் சட்ட வல்லுநர் என்பதே சரி. கஸ்பாரி நீதிமன்றத்தில் வாதாடிப் பெயர் எடுத்தவர் அல்லர்.

அந்தத் தொகுப்பு கர்தினால் என்ற சொல்லின் எல்லையையும் மாற்றிவிட்டது. அதற்குமுன் குருப்பட்டம் பெறாதவர்களும் கர்தினால் ஆகலாம். அப்படிக் கடைசியாக இருந்தவர் தெயோதோல்ஃபோ மெர்த்தெல், இவரும் சட்டம் படித்தவரே. 1858-ல் கர்தினாலாகி, திருத்தொண்டர் பட்டத்தோடு நின்றுகொண்டு, 1899-ல் இறந்தார். 1878-ல் 13-ஆம் லியோவின் தலையில் மணிமுடி வைத்த கை அவருடையது. 1917 தொகுப்பு, கர்தினால் ஆகிறவர் குறைந்தது குருவாக இருக்க வேண்டும் என்று கதவைச் சாத்தியது. எண்ணிக்கையும் 70 என்று எழுதி வைத்தது: ஆயர் வகை 6, குரு வகை 50, திருத்தொண்டர் வகை 14. அந்த 70 பிறகு உடைந்தது. 2025-ல் வாக்களிக்க உள்ளே போனவர்கள் மட்டும் 133 பேர். வெளியே வந்த 14-ஆம் லியோவும் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்தான்.

கஸ்பாரியின் இன்னொரு கையெழுத்துதான் உலகத்துக்கு அதிகம் தெரியும். 1870-ல் இத்தாலி ரோமைக் கைப்பற்றியதிலிருந்து தீராமல் கிடந்த தகராறை முடித்து, 1929 பிப்ரவரி 11-ல் லாத்தரான் மாளிகையில் முசோலினியோடு ஒப்பந்தம் செய்தவர் அவர். 44 ஹெக்டேரில் வத்திக்கான் நகர நாடு பிறந்தது அந்த மேசையில். சர்வாதிகாரியோடு கை குலுக்கியது குறித்து அன்றும் இன்றும் கேள்வி உண்டு. அது நியாயமான கேள்வி. அடுத்த ஆண்டு விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர், சட்டத் தொகுப்பில் அவருக்கு உதவிய யுஜேனியோ பச்செல்லி, பிற்காலத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர். கஸ்பாரி 1934 நவம்பர் 18-ல் காலமானார்.

இப்போது தமிழ் இணைச்சொல். 'திருச்சபையின் இளவரசர்' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அரச பரம்பரை வாடை அடிக்கிறது, ஆட்டிடையன் மகனுக்கு அது ஒட்டவும் இல்லை. 'சுழியாணியர்' என்று புதிதாகக் கட்டலாம், ஆனால் எந்தக் கோயிலில் யார் சொல்வார்கள்? பட்டத்துக்குக் கர்தினால் என்பதே போதும். அது பாதிரியார், சாவி, சன்னல் மாதிரி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட சொல். அதன் வேரை விளக்கும்போது மட்டும் குடுமி, சுழியாணி என்று சொல்லலாம். ஒரு குரு ஒரு மறைமாவட்டத்தோடு சட்டப்படி இணைக்கப்படுவதற்கு இன்றும் அதே பழைய லத்தீன் வினையைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே 'மறைமாவட்டப் பிணைப்பு' என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

1929-ல் கஸ்பாரியிடம் இன்னொரு வேலையும் கொடுத்தார்கள்: கீழைத் திருச்சபைகளுக்கான (திருத்தந்தையை ஏற்றுக்கொண்டே தங்கள் கிழக்கத்திய வழிபாட்டு மரபைக் காக்கும் சபைகளுக்கான) தனிச் சட்டத் தொகுப்புக்கு முன்னேற்பாடு. அது முடிய 1990 ஆனது. அந்த ஆண்டு கீழைத் திருச்சபைகளுக்கான வத்திக்கான் துறையின் தலைமையில் இருந்தவர் ஒரு தமிழர், கல்லேரியில் பிறந்த கர்தினால் சைமன் லூர்துசாமி. அவரும் ரோமில் திருச்சபைச் சட்டம் படித்தவர், புதுச்சேரியில் 'சர்வவியாபி' இதழை நடத்தியவர், பெங்களூர்ப் பேராயராக இருந்தவர். 1985-ல் கர்தினாலானபோது ரோமில் அவர் பெயருக்கு எழுதப்பட்ட கோயிலின் பெயரில் 'ஃபொர்னாச்சி' என்று வரும். செங்கல் சூளைகள் என்று பொருள். சென்னைக்காரர் யாராவது அந்தப் பக்கம் போனால், சூளை மாதா கோயில் என்று வழி கேட்கலாம்.